பேச்சியம்மாள் விட்ட மூச்சு

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் புதுக் கதவு வைத்த நாலாவது நாள் காலையில், பேச்சியம்மாளை அது உள்ளே விடவில்லை.

பேச்சியம்மாளுக்கு அறுபத்திரண்டு வயது. சாம்பல் காய்ச்சல் ஊரைப் புரட்டிப் போட்ட வருஷத்திலிருந்து, அரசாங்கம் சொன்ன நாலு ஊசியையும் சொன்ன தேதியில் போட்டுக்கொண்டவள். சான்றிதழ்களை பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டி, ரேஷன் கார்டோடு சேர்த்துப் பீரோவில் வைத்திருப்பவள். ஊசி போட்டதற்கு ஆதாரம் இல்லாமல் பஸ், ரயில், சினிமா தியேட்டர், கல்யாண மண்டபம் எதற்குள்ளும் கால் வைக்கக்கூடாது என்று சட்டம் வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த எட்டு வருஷத்தில் அவள் போகாத ஊரில்லை. குற்றாலத்துக்கு மட்டும் ஒன்பது தடவை.

பழைய கதவுகள் சான்றிதழைத்தான் பார்த்தன. போலிச் சான்றிதழ் பெருத்துப் போகவே, பங்குனி பிறந்ததும் அவற்றைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு வைத்தார்கள். இதில் உள்ளங்கையை வைத்தால் போதும். கையின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தே, இந்த உடம்பு காய்ச்சலை எதிர்க்கக் கற்றிருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடும். கற்றிருந்தால் பச்சை விளக்கு. இல்லாவிட்டால் சிவப்பு.

பேச்சியம்மாள் கையை வைத்தாள். சிவப்பு. சேலையில் துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. இடது கையை வைத்தாள். அதற்கும் சிவப்பு.

"சர்ட்டிபிகேட் இருக்கும்மா. நாலு ஊசி. பாரு, சீல் எல்லாம் இருக்கு" என்று கதவுக்குக் காவலிருந்த தமயந்தியிடம் காட்டினாள்.

"இது கடுதாசியப் பாக்காதும்மா. உடம்பத்தான் பாக்கும்" என்றாள் தமயந்தி. "ஒருவாட்டி ஆஸ்பத்திரில போயி காட்டுங்க."

"தென்காசில என் தம்பிக்கு அறுபதாம் கல்யாணம். பதினோரு மணிக்கு முகூர்த்தம். இப்பப் போயி ஆஸ்பத்திரில உக்காரவா?"

பத்தடி தள்ளி, மஞ்சள் கோட்டுக்கு வெளியே, அவள் கணவர் இசக்கியப்பன் நின்றுகொண்டிருந்தார். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊசியே போடாதவர். மனைவியை வழியனுப்ப எப்போதும் அந்தக் கோடு வரைக்கும்தான் வருவார்.

அவர் ஊசி போடாததற்குக் காரணம் உண்டு. முதல் முகாமில் அவரும் வரிசையில் நின்றார். தன் முறை வந்ததும், "இதுல என்ன மருந்து இருக்கு?" என்று கேட்டார். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி தலையைத் தூக்காமல், "அதெல்லாம் உமக்கு எதுக்குவே, கையக் காட்டும்" என்றார். இசக்கியப்பன் சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். "கேட்டுட்டுக் குத்தினா குத்திக்கிடுவேன். கேக்காமக் குத்த நான் என்ன தையல் துணியா?" என்பது அவர் வாதம். மறு மாசமே கதவு மறுப்போர் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கித் தலைவரும் ஆனார்.

அதற்கு அவர் கொடுத்தது கொஞ்சமில்லை. ஒரே மகள் செண்பகத்தின் கல்யாணத்தை மண்டபத்துக்கு வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தார். தாலி கட்டுகிற நேரத்தில் ஒரு தண்ணி லாரி வந்து ஜன்னலை மறைத்துவிட்டது. மேளச் சத்தத்தை வைத்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, கையிலிருந்த அட்சதையை லாரி மேல் போட்டார். பேச்சியம்மாள் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது மனைவி கதவோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. "நாலு ஊசி போட்டவள விடலன்னா இது என்னம்மா கதவு?" என்று தமயந்தியிடம் நியாயம் கேட்டுக்கொண்டே முன்னால் வந்தவர், பேச்சு வேகத்தில் கையைக் கதவின் மேல் ஊன்றினார்.

பச்சை விளக்கு எரிந்தது. "வணக்கம். தங்கள் பயணம் இனிதாகுக" என்றது கதவு.

இசக்கியப்பன் கையை எடுத்துக்கொண்டு, சுட்டுவிட்டது போலப் பார்த்தார். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். யாரோ ஒருவர் இருமினார். அது இருமல் இல்லை.

"எப்ப போட்டீக?" என்றாள் பேச்சியம்மாள்.

"நான் போடல."

"இருபத்தொம்போது வருஷம் உங்க கூட இருந்திருக்கேன். பொய் சொன்னா எனக்குத் தெரியும்." அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு குரல் மாறிவிட்டது. "போடலதான் போல. சரி, பஸ் கிளம்பப் போகுது. நீங்க போங்க."

"நானா?"

"தம்பி மணையில உக்காந்திருப்பான். பட்டும் தாம்பாளமும் நம்ம வீட்டுலருந்து போகலன்னா நாளைக்கு யாரு மூஞ்சில முழிக்கது?"

"நான் சங்கத் தலைவர்ளா. இந்தக் கதவுக்குள்ள போகலாமா?"

"சங்கம் எனக்குத் தம்பி இல்ல" என்று பையை அவர் கையில் திணித்தாள்.

அப்படித்தான் இசக்கியப்பன் எட்டு வருஷத்துக்குப் பிறகு பஸ் ஏறினார். பஸ்ஸில் டிரைவர் இல்லை. அது தானாகவே ஓடியது. கண்டக்டர் மட்டும் இருந்தார். பயணிகள் சண்டை போடுவதற்கு ஒரு மனுஷனாவது வேண்டும் என்பதால் தன்னை விட்டு வைத்திருப்பதாக அவரே சொன்னார். ஜன்னலோரம் உட்கார்ந்த இசக்கியப்பன், இதில் சந்தோஷப்படக்கூடாது என்று கழுகுமலை வரை மனசைக் கட்டுப்படுத்தினார். அதற்கு மேல் முடியவில்லை.

தென்காசி மண்டபத்துக் கதவும் பச்சைதான் காட்டியது. மைத்துனர் வெயிலுமுத்து மாலையும் கழுத்துமாக எழுந்து வந்தார்.

"அக்கா எங்க அத்தான்?"

"கதவு விடல."

"நீங்க வழக்கமா வெளியதான நிப்பீக. அக்கா எங்க?"

"அவளத்தான் விடல. என்னைய உள்ள விட்டிருச்சு."

வெயிலுமுத்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வெயில்ல வந்திருக்கீக. முதல்ல மோர் குடிங்க அத்தான்" என்றார்.

பந்தியில் உட்கார வைத்தார்கள். எட்டு வருஷமாக எந்தக் கல்யாணச் சாப்பாடும் அவருக்குப் பார்சலில்தான் வரும். பாயசம் பிளாஸ்டிக் பையில், ரப்பர் பேண்ட் போட்டு, ஆறிப்போய். இன்று இலையில் சூடாக ஊற்றினார்கள். ஒரு வாய் எடுத்தார். பக்கத்து இலைக்காரி தன் புருஷனிடம், "மெதுவாச் சாப்பிடுங்க" என்று சொல்வது காதில் விழுந்தது. போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார்.

"என்ன சாப்பிட்ட?"

"காலைல வச்ச உப்புமா இருந்துது" என்றாள் பேச்சியம்மாள். "தம்பி பட்டு கட்டினானா? நிறம் எடுப்பா இருக்கா?"

இருக்கிறது என்று சொல்லிவிட்டு இலையை மூடினார். மீதிப் பாயசம் அப்படியே இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். வேறெங்கே போனாலும் கதவு இருந்ததால், எட்டு வருஷமாகச் சங்கம் கூடுவது இசக்கியப்பன் வீட்டு முன்னறையில்தான். மொத்தம் பதினோரு பேர். கொள்கை ஒன்றுதான், காரணம் ஆளுக்கொன்று. ஒருவர் அரசாங்கம் எது சொன்னாலும் செய்யமாட்டார். இன்னொருவர் தன் மனைவி ஊசி போட்டுக்கொண்ட ஒரே காரணத்துக்காகப் போடாதவர். எல்லோருக்கும் பேச்சியம்மாள்தான் சுக்குக் காப்பி போட்டு, கையோடு ஆற்றிக் கொடுத்து, அவர்கள் ஊசியைத் திட்டுவதையும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

சங்கச் செயலாளர் சொர்ணபாண்டி, பத்திரப் பதிவு ஆபீசில் எழுத்தராக இருந்தவர். எதையும் தீர்மானமாகத்தான் பேசுவார். அன்றைக்குக் காப்பியைத் தொடாமல் எழுந்து நின்றார்.

"தலைவர் தென்காசில பந்தில உக்காந்து பாயசம் சாப்பிட்ட போட்டோ என்கிட்ட இருக்கு. இது சங்கத்துக்குச் செஞ்ச துரோகம். பதவி விலகணும்."

"ஒரு வாய்தான் சாப்பிட்டேன்."

"ஊசி போட்டீரா இல்லையா?"

"போடல."

"அப்ப கதவு பொய் சொல்லுதா?"

"கதவு பொய் சொல்லுதுன்னு எட்டு வருஷமா நாமதான அண்ணாச்சி சொல்லிக்கிட்டு இருக்கோம்" என்றார் இசக்கியப்பன்.

சொர்ணபாண்டி விடுகிற ஆள் இல்லை. "சரி, இப்பவே தியேட்டர் வாசலுக்குப் போவோம். நாங்க பத்துப் பேரும் கை வைக்கோம். சிவப்பு எரியும். நீரும் வையும். யாரு சுத்தம்னு ஊரு பாக்கட்டும்."

பதினோரு பேரும் நடந்தே போனார்கள். பகல் காட்சிக்கு ஆட்கள் நுழைந்துகொண்டிருந்தார்கள். முதலில் அரசாங்கத்துக்கு அடங்காதவர் கையை வைத்தார். பச்சை. அடுத்தவருக்கும் பச்சை. அதற்கு அடுத்தவர் கையை வைக்கும்போதே, "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். பச்சை. ஒவ்வொருவரையும் கதவு வணக்கம் சொல்லி வரவேற்றது. கடைசியாகச் சொர்ணபாண்டி உள்ளங்கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துவிட்டு, விரல்களை விரித்து, சத்தியம் செய்வதுபோல் வைத்தார்.

"வணக்கம். படம் பார்த்து மகிழ்க" என்றது கதவு.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. பதினோரு பேரும் மற்ற பத்துப் பேரைத் திருடர்கள் என்று நினைத்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் மனைவிக்கு எதிராக ஊசி மறுத்தவர் மெதுவாகக் கேட்டார்: "என்ன படம்வே ஓடுது?"

ஏழு பேர் உள்ளே போனார்கள். தான் போவது விசாரணைக்காக என்று சொல்லிவிட்டுச் சொர்ணபாண்டியும் போனார். இடைவேளை வரை விசாரித்தார்.

மறுநாள் பேச்சியம்மாளை அழைத்துக்கொண்டு இசக்கியப்பன் அரசு மருத்துவமனைக்குப் போனார். டாக்டர் ரெஜினா இருவரிடமும் ரத்தம் எடுத்தார். எடுக்கும் முன், "எடுக்கலாமா?" என்று கேட்டதால் இசக்கியப்பனுக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது.

"அம்மா, பயப்படாமக் கேளுங்க" என்றார் டாக்டர். "இந்த ஊசி மருந்து, உயிரோட இருக்கிற கிருமி. பல்லுப் பிடுங்கின பாம்பு மாதிரி. நமக்குள்ள போனதும் உடம்பு அதப் பாத்து சண்டை போடக் கத்துக்கும். ஒரு வாரத்துல அதைத் துரத்திரும். உங்க உடம்புக்கு அந்தப் படிப்பு ஏறல. சிலருக்குப் பிறவியிலேயே அப்படி. அதனால அந்தக் கிருமி வெளிய போகாம உங்களுக்குள்ளயே குடியிருக்கு."

"எட்டு வருஷமாவா?"

"ஆமா. உங்கள ஒண்ணும் பண்ணல. ஆனா உங்க மூச்சுல வெளிய வருது. பக்கத்துல இருக்கிறவங்க உள்ள போகுது. அவங்க உடம்பு கத்துக்குது." டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு இசக்கியப்பனைப் பார்த்தார். "சுருக்கமாச் சொன்னா, ஐயா, உங்களுக்குத் தினமும் வீட்டுலயே ஊசி போட்டிருக்காங்க. உங்க சங்கத்துக்கு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை."

இசக்கியப்பன் நாற்காலியில் நிமிர்ந்தார். மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"கேக்காமக் குத்திட்டியே" என்றார்.

"நான் மூச்சுதான விட்டேன்" என்றாள் பேச்சியம்மாள். "அதுக்கும் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கணுமா?"

டாக்டர் இருவரையும் நிறுத்தினார். விஷயம் சிரிப்போடு முடியவில்லை. பல்லுப் போன பாம்புக்கு எப்போதாவது பல் முளைக்கலாம். இத்தனை நாள் ஒருவர் உடம்பிலேயே தங்கிய கிருமி பழையபடி மாறினால், சுற்றியிருப்பவர்களுக்கு ஆபத்து. அதை வெளியேற்ற மாத்திரை இருக்கிறது, ஆறு வாரம் சாப்பிட வேண்டும்.

"இன்னொண்ணு" என்றார் டாக்டர். "நிஜக் காய்ச்சல் வந்தா உங்களுக்கு எதிர்க்கச் சக்தி இல்ல. உங்களச் சுத்தி இருக்கிறவங்க உடம்பு கத்திருந்தாதான் நீங்க பத்திரமா இருப்பீங்க. உங்கள மாதிரி ஆளுங்களுக்காகத்தான் மத்தவங்களப் போட்டுக்கச் சொல்றதே."

வீட்டுக்கு நடந்து வரும்போது இசக்கியப்பன் தெருமுனையில் நின்று, "எட்டு வருஷமா நான் வீட்டுக்குள்ள வந்து போயிருக்கேன்" என்றார். "எங்கெல்லாமோ அலைஞ்சிட்டு வந்து உன் பக்கத்துல உக்காந்திருக்கேன்."

"ஒண்ணும் ஆகலல்ல."

"ஆகலங்கிறது என் சாமர்த்தியம் இல்லளா."

பேச்சியம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நடந்தாள்.

செய்தி இரண்டே நாளில் பரவிவிட்டது. ஊசி வரிசையில் நிற்கச் சோம்பல்பட்டவர்கள், அவசரமாக ஊருக்குப் போக வேண்டியவர்கள் எல்லாம் காப்பி குடிக்க வந்தார்கள். ஒருவர் தன் குடும்பத்தோடு வந்து, "அக்கா, ஒரு அரைமணி நேரம் பேசிக்கிட்டிருந்துட்டுப் போறோம், வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார். சொர்ணபாண்டியே தன் சம்பந்தியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். பேச்சியம்மாள் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாக, துணியை மூக்கில் கட்டிக்கொண்டு பேசினாள்.

"இதுல ஆபத்து இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாக. போன எட்டு வருஷம் தெரியாமக் கொடுத்தேன். தெரிஞ்ச பெறகு கொடுக்கமாட்டேன். காப்பி வேணும்னா ஓட்டல்ல குடிங்க."

"ஓட்டல்லயும் கதவு வச்சிருக்கானே தாயி" என்றார் சம்பந்தி.

அந்த ஆறு வாரமும் அவள் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. இசக்கியப்பன்தான் போனார். கடைக்கு, பேங்குக்கு, துக்கம் விசாரிக்க ஒரு துஷ்டி வீட்டுக்கு, இரண்டு கல்யாணத்துக்கு. முன்பெல்லாம் அவள் ஊர் சுற்றிவிட்டு வந்து கதை சொல்வாள். இவர் கேட்பார். இப்போது அவள் கேட்டாள். இவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கல்யாணத்தில் பெண் என்ன நிறத்தில் சேலை கட்டியிருந்தாள் என்று கேட்டால், "சேலை கட்டியிருந்துது" என்றார். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதாம் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டு போனார்கள். அன்று அவள் கொஞ்சம் சீக்கிரமே சோற்றை வடித்துவிட்டு, ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிட்டாள். எட்டு வருஷம் தான் உட்கார்ந்த அதே இடம் என்று இசக்கியப்பனுக்குத் தெரியும். தான் அங்கே வீறாப்பாக உட்கார்ந்திருந்தோம். இவள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.

அவர் மறுநாளே தாலுகா ஆபீசுக்குப் போனார். உடம்பு கற்றுக்கொள்ள முடியாதவர்களுக்கு விலக்குச் சீட்டு என்று ஒன்று உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். சங்கத்துக்காக எழுதிப் பழகிய மனு எல்லாம் இப்போது கைகொடுத்தது. மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். நாலாவது தடவை சொர்ணபாண்டியையும் கூட்டிக்கொண்டு போனார். சொர்ணபாண்டி அங்கே நின்று நாற்பது நிமிஷம் தீர்மானமாகப் பேசியதில், பேச்சு நிற்கட்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மாத்திரையும் முடிந்தது. பேச்சியம்மாள் உடம்பில் இப்போது கிருமி இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

சீட்டில் ஒரு நிபந்தனை இருந்தது. பச்சை காட்டுகிற ஒருவர் துணையாக வந்தால்தான் அவளை விடுவார்கள்.

"எட்டு வருஷம் வாங்கன்னு கூப்பிட்டேன், வரல" என்றாள் பேச்சியம்மாள். "இப்ப நீங்க இல்லாம நான் போக முடியாதாம்."

மகள் செண்பகத்துக்கு ஆவணியில் வளைகாப்பு. விருதுநகரில் மண்டபம். அதற்குப் பதினைந்து நாள் முன்னால், வெள்ளோட்டமாகச் சாத்தூர் வரை போய்ச் சேவு வாங்கிக்கொண்டு வரலாம் என்று இருவரும் கிளம்பினார்கள். பேச்சியம்மாள் தென்காசிக்கென்று எடுத்துவைத்த சேலையைக் கட்டியிருந்தாள். தமயந்தி சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கும்மா. ஐயா, கை வைங்க" என்றாள்.

இசக்கியப்பன் கை வைத்தார். சிவப்பு.

துடைத்துவிட்டு வைத்தார். சிவப்பு.

பின்னால் வரிசை நீண்டது. அவர் ஓரமாகப் போய் நின்று டாக்டர் ரெஜினாவுக்குப் போன் செய்தார். டாக்டர் பழைய ரத்த முடிவை எடுத்துப் பார்த்தார். "தினமும் கொஞ்சம் கொஞ்சமாக் கிடைச்சுக்கிட்டு இருந்தது இப்ப நின்னு போச்சுல்ல ஐயா. சில உடம்பு அப்படித்தான். சொல்லிக்கிட்டே இருந்தா ஞாபகம் வச்சுக்கும், விட்டா மறந்துரும். ஊசி போட்டுக்கிட்டா பதினாலு நாள்ல பச்சை வந்துரும்" என்றார். அதோடு, இப்போது வந்திருப்பது புது மருந்து, செத்த கிருமியில் செய்தது, மூச்சில் பரவாது, இரண்டு நாள் கை வலிக்கும் என்று அவர் கேட்காமலேயே எல்லாம் சொன்னார்.

இசக்கியப்பன் போனைப் பையில் போட்டார். பஸ் ஸ்டாண்டு ஓரத்திலேயே ஊசி முகாம் இருந்தது. ஒரு மேஜை, ஒரு நர்ஸ், ஒரு மின்விசிறி. எட்டு வருஷமாக அதைப் பார்க்காமல் நடந்து பழகியிருந்தார்.

"போட்டுக்கிடுங்கன்னு நான் சொல்லல" என்றாள் பேச்சியம்மாள்.

"நீ சொல்லலன்னுதான் போடப் போறேன்" என்றார்.

மேஜைக்கு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினார். எதிர்ப்புறம் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சங்கத்துக்காரர்கள். அவர்கள் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நர்ஸ் மருந்தை ஊசிக் குழலில் ஏற்றினாள். இசக்கியப்பன் மனைவியைத் தேடினார். அவள் பக்கத்தில்தான் நின்றாள், ஆனால் கண்ணை இறுக மூடிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"உனக்கு என்ன ஆச்சு?"

"எனக்கு ஊசின்னா ஆகாது. பாத்தா கிறக்கம் வந்துரும்."

"நாலு போட்டிருக்கியே."

"போட்டேன். நாலு தடவையும் தனியாப் போயி, கண்ண மூடிக்கிட்டு, கந்தசஷ்டி கவசம் சொல்லிக்கிட்டே போட்டேன். மூணாவது தடவை மயங்கி விழுந்து, அங்க இருந்த நர்ஸ்தான் சோடா வாங்கிக் கொடுத்துது."

இருபத்தொன்பது வருஷத்தில் இசக்கியப்பனுக்கு இது தெரியாது. அந்த நாலு நாளும் தான் எங்கே இருந்தோம் என்று யோசித்துப் பார்த்தார். முன்னறையில் இருந்திருப்பார். தீர்மானம் எழுதிக்கொண்டு.

"சார், கையத் தளர்த்தி விடுங்க" என்றாள் நர்ஸ்.

அவர் இன்னொரு கையை நீட்டினார். பேச்சியம்மாள் கண்ணைத் திறக்காமலே அதைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லிட்டு, நன்றாக வேர்த்திருந்தது.

"முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல" என்றார் இசக்கியப்பன். நர்ஸ் எப்போதோ பஞ்சை வைத்து அழுத்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருந்தாள்.